வேனுக்கு அடியில ரெண்டு கால்

என் மருமக வண்டி ஓட்டும்போது வாயை மூட மாட்டா. இதை நானே முதல்ல சொல்லிடுறேன். வேற யாராவது சொல்லி நீங்க தெரிஞ்சுக்கிட்டா எனக்குத்தான் மானக்கேடு.

அவ ஓட்டுறது பள்ளிக்கூட வேன். அதுல பதினாலு வாண்டுங்க, எல்லாம் ஆறு வயசும் ஏழு வயசும். அதுங்களை ஏத்தி இறக்குற ஆயாம்மா நான்தான். ஆமா, மாமியாரும் மருமகளும் ஒரே வேன்ல. சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சுக்கோங்க. பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் மூணு வருஷமா சிரிச்சுக்கிட்டுதான் இருக்கார். "இந்த வேனுக்கு மட்டும் ரெண்டு எஞ்சின்"ம்பார்.

அவ டிரைவர் ஆனதே ஒரு கூத்து. லைசன்ஸ் எடுக்கப் போனது என் பையன். மூணு தடவ போய் மூணு தடவையும் கோட்டை விட்டான். நாலாவது தடவ துணைக்குப் போனவ, "சும்மா வெயில்ல நிக்கிறதுக்கு நானும் எழுதிப் போடறேன்"னு போட்டா. அவ பாஸ், அவன் ஃபெயில். அவனுக்கு வெக்கமா ஒண்ணா? "நான் பின்னாடி சீட்டுல உக்காரப் பொறந்தவன்"னு சொல்லிட்டு அச்சாபீஸ் வேலைக்குப் போயிட்டான். இன்னிக்கு வரைக்கும் பின்னாடிதான் உக்காருறான்.

வீட்ல அவ மருமக, நான் மாமியார். அதுல எந்தச் சந்தேகமும் வேண்டாம், தினமும் ஒரு தடவையாவது முட்டிக்குவோம். ஆனா வேன் பக்கத்துல போயிட்டா அவ ராஜ்யம். காலையில வண்டியை ஒரு சுத்து சுத்தி வருவா. குனிஞ்சு அடியில பாப்பா. நாலு சக்கரத்தையும் கையால அமுக்குவா. அப்புறம் அவ போனும் என் போனும் என் சீட்டுக்கு அடியில இருக்கிற தகரப் பெட்டிக்குள்ள போயிடும். கடைசியா கண்ணாடியில என்னைப் பாத்து ஒரே வார்த்தை.

"பெல்ட்டு?"

நான் கடைசி வரிசை வரைக்கும் நடந்து, ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பாத்து, திரும்பி வந்து "பதினாலு"ன்னு சொல்லணும். சொன்னாத்தான் சாவி திரும்பும். ஒரு நாள் பதிமூணாவது பெல்ட்டு சிக்கிக்கிச்சு. அதை எடுத்து முடிக்கிறதுக்குள்ள பின்னாடி நாலு காரு ஹாரன் அடிச்சு ஊரைக் கூட்டுச்சு. இவ அசையணுமே! ஸ்டியரிங் மேல கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா.

கிளம்பினதும் பேச்சு ஆரம்பிக்கும். "சிவப்பு கார், நிக்குது. உள்ள தலை தெரியுது, கதவைத் திறக்கலாம். தள்ளிப் போறேன்." "சைக்கிள்காரர் பின்னாடி பாக்காம வளைவார். விட்டுப் போறேன்." "சிக்னல் பச்சைதான், ஆனா ரொம்ப நேரமா பச்சை. மாறும்." இப்படி வழி நெடுக. ஆரம்பத்துல எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு. பெத்தவங்க பாத்தா பைத்தியம்னு நினைக்க மாட்டாங்களா?

"வாய் வலிக்கலையா உனக்கு?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"வாய் பேசிக்கிட்டிருந்தாத்தான் அத்தை, கண்ணு தூங்காது"ன்னா.

குழந்தைங்களுக்கு அது விளையாட்டாப் போச்சு. அவ ஒண்ணு சொன்னா பதினாலும் சேர்ந்து "பாத்தாச்சு!"ன்னு கத்தும். முன் சீட்டோட முதுகு உயரம், அதுங்களுக்கு ரோட்டுல ஒரு எழவும் தெரியாது. இருந்தாலும் காது கிழியுற மாதிரி "பாத்தாச்சு!". நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். அந்தக் கோஷ்டியில சேர எனக்கென்ன வயசு ஏழா?

பெத்தவங்க எங்களுக்கு வச்ச பேரு ஆமை வேன். மத்த வேன் எல்லாம் வந்து பத்து நிமிஷம் கழிச்சுத்தான் எங்க வேன் வரும். மூணு வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. அதை யாரு பாக்குறா? பத்து நிமிஷம்தான் கண்ணுக்குத் தெரியும்.

இப்ப தலையணை கதைக்கு வர்றேன். சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனா அதுலதான் எல்லாமே ஆரம்பிச்சுது.

என்கிட்ட ஒரு தலையணை இருந்துச்சு. கல்யாணம் ஆன வருஷம் வாங்கினது. பஞ்சு கட்டி தட்டி கல்லு மாதிரி ஆயிடுச்சு, ஒத்துக்கிறேன். ஆனா என் கழுத்துக்கு அதுதான் சுகம். அன்னிக்குக் காலையில குப்பை வண்டி வந்தப்ப என் மருமக அதைத் தூக்கிப் போட்டுட்டா. "அத்தை, அதுல இருந்து தூசி பறக்குது, உங்களுக்குத்தான் இருமல்"னு வியாக்கியானம் வேற. புதுசு ஒண்ணு வாங்கி வச்சிருந்தா. எனக்கு வந்துச்சே கோவம்! கேக்காம என் பொருள்ல கை வைக்க இவ யாரு? அன்னிக்கு முழுக்க அவகிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசல.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு எல்லாம் ஏறி உக்காந்துச்சு. கண்ணாடியில என்னைப் பாத்து, "பெல்ட்டு?"ன்னா.

நான் எந்திரிக்கவே இல்ல. சீட்டுல உக்காந்தபடியே தலையை மட்டும் எண்ணினேன். ஜன்னலைப் பாத்துக்கிட்டே, "பதினாலு"ன்னேன். ஓட்டுறது நீ, நடக்கிறது நானா, நீ சொன்னா நான் ஆடணுமான்னு உள்ளுக்குள்ள ஒரு வீம்பு.

சாவி திரும்புச்சு.

மேஜை நாற்காலி விக்கிற கடைங்க வரிசையா இருக்கிற தெரு ஒண்ணு உண்டு. அங்க எப்பவும் சாமான் வண்டிங்க ஓரமா நிக்கும். என் மருமக அந்தத் தெருவுல நுழையும்போதே காலைப் பிரேக் மேல வச்சுக்குவா. அன்னிக்கும் பேசிக்கிட்டேதான் வந்தா. நான் காது கொடுக்கல. தலையணையை நினைச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு வண்டி குலுங்கி நின்னுச்சு. என் பெல்ட்டு என் நெஞ்சைப் பிடிச்சு இழுத்துச்சு. கடைசி வரிசையில டமார்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் அழுகை.

அழுதது கேள்விக்குறி. நாங்க வச்ச பேரு அது, வாயைத் திறந்தா கேள்விதான் கேக்கும். முன் சீட்டுல மோதி உதடு கிழிஞ்சு, வாயெல்லாம் ரத்தம். மடியில ஒரு பல்லு. ஓடிப் போய்த் தூக்கினேன். அப்பதான் பாத்தேன், பெல்ட்டு சீட்டுக்குப் பக்கத்துல மாட்டாமலே தொங்கிக்கிட்டிருந்துச்சு.

என் மருமக வண்டியை ஓரம் கட்டி, விளக்கைப் போட்டுட்டு ஓடி வந்தா. உதட்டைத் துடைச்சு, பஞ்சு வச்சு அமுக்கி, மத்த வாண்டுங்களோட அப்படியே வேன்லயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். பால் பல்லுதான், ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்ததுன்னு டாக்டர் சொன்னார். உதட்டுல ஒரு தையல். அவ்வளவுதான். ஆனா ஒரு தையல்னா என்ன சின்ன விஷயமா? பெத்தவனுக்கு அது ஆயிரம் தையல்.

ராத்திரி சாப்பிடும்போது என் மருமக தட்டைப் பாத்துக்கிட்டே கேட்டா: "அத்தை, நீங்க நடந்து போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அந்தப் பொண்ணே கழட்டியிருப்பா"ன்னேன்.

அவ நிமிர்ந்து என்னைப் பாத்தா. "சரி அத்தை"ன்னு சொல்லிட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. என் பையன் என்னையும் பாத்தான், அவளையும் பாத்தான், சத்தமில்லாம எந்திரிச்சுப் போனான். அந்தப் புதுத் தலையணையில அன்னிக்கு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்னு நினைக்கிறீங்களா? முள்ளு மேல படுத்த மாதிரி இருந்துச்சு.

மறுநாள் பள்ளிக்கூட ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. வேன் எல்லாத்துக்கும் பொறுப்பான மேனேஜர் உக்காந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்க விட்டிருப்பார், பேசும்போது மாட்டுவார், கேக்கும்போது கழட்டுவார். எதிர்ல கேள்விக்குறியோட அப்பா. டைல்ஸ் கடை முதலாளி. மடியில பொண்ணு, வீங்கின உதட்டோட.

அந்த மனுஷன் முந்தின நாளே அந்தத் தெருவுக்குப் போய்க் கடை கடையா விசாரிச்சிருக்கார். "யாரும் எதையும் பாக்கல சார். ரோடு காலியா இருந்துச்சாம். வேன் சும்மாவே நின்னுச்சாம். காத்தைப் பாத்து பிரேக் போடுற பொம்பளை கையில என் பொண்ணை எப்படி அனுப்புறது? இவங்களை வண்டியை விட்டு இறக்குங்க. இல்லைன்னா நான் சும்மா விடமாட்டேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழட்டினார். "நீங்க சொல்லுங்கம்மா."

என் மருமக நேரா நின்னு சொன்னா: "சாமான் வேன் ஒண்ணு ஓரமா நின்னுச்சு சார். அதுக்கு அடியில அந்தப் பக்கம் ரெண்டு கால் தெரிஞ்சுது. நின்னுக்கிட்டிருந்த கால் ரோட்டுப் பக்கம் திரும்புச்சு. பிரேக் போட்டேன். ஒருத்தர் முகத்தை மறைக்கிற மாதிரி பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா என் வண்டிக்கு முன்னாடி வந்தார். ஒரு சாண் இடைவெளி சார். அவர் திரும்பிக்கூடப் பாக்காம எதிர்க் கடைக்குள்ள போயிட்டார்."

"எந்தக் கடை? யாரு?"

"குழந்தை அழுதுச்சு சார். நான் அதைப் பாக்கல."

"பாத்தீங்களா, எப்படிக் கதை கட்டுறாங்க!"ன்னார் டைல்ஸ்காரர். "ஆளும் இல்ல, பேரும் இல்ல. காலாம்!"

மேனேஜர் ஃபைலைத் திறந்தார். அவர் முகத்தைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. அடிபட்டிருந்தா சாட்சி கிடைக்கும். அடிபடாதவனை எங்க போய்த் தேடுறது? அவனுக்கே தெரியாதே, அவன் பொழைச்சது! என் மருமக கையில இருந்து வண்டி போகப் போகுது. மூணு வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஓட்டின வண்டி.

அப்ப அப்பா மடியில இருந்து ஒரு சத்தம். பல்லு போன வாய், அதனால எல்லாமே காத்தாத்தான் வந்துச்சு.

"அப்பா, அக்கா சொன்னாங்கப்பா. 'வெள்ளை வேன், நிக்குது. அடியில ரெண்டு கால். நீல ஷூ. கால் திரும்புது. எல்லாரும் பிடிச்சுக்கோங்க!' அப்புறம்தான் பிரேக் போட்டாங்க. நான் 'பாத்தாச்சு' சொல்றதுக்குள்ள விழுந்துட்டேன்."

மேனேஜர் கண்ணாடியை மாட்டினார், கழட்டினார், திரும்ப மாட்டினார். எந்திரிச்சுப் போய் எங்க வேன் வாண்டுங்க ரெண்டை வேற வேற கிளாஸ்ல இருந்து கூப்பிட்டு வந்து, தனித்தனியா நிக்க வச்சு, "நேத்து அக்கா என்ன சொன்னாங்க?"ன்னு மட்டும் கேட்டார். ஒண்ணு வெள்ளை வேன், ரெண்டு கால், நீல ஷூன்னுச்சு. இன்னொண்ணு வெள்ளை வேனை மறந்துட்டு, நீல ஷூவையும் கால் திரும்பினதையும் சொல்லுச்சு. சொல்லி முடிச்சுட்டு ரெண்டும் பழக்க தோஷத்துல "பாத்தாச்சு!"ன்னு கத்துச்சுங்க.

டைல்ஸ்காரர் முகத்துல ஈயாடல. மெதுவா, "வீட்லயும் இவ இதையேதான் கத்துறா. கார்ல என்னை நிம்மதியா ஓட்ட விடுறதில்ல"ன்னார். எனக்கு அப்படியே எந்திரிச்சு ஆடணும் போல இருந்துச்சு. நாக்கு மேல பல்லைப் போட்டு என் மருமக காத்தைப் பாத்து பிரேக் போடுறான்னு சொன்னீங்களே, இப்ப சொல்லுங்கன்னு கேக்க வாய் துறுதுறுன்னுச்சு.

ஆனா அந்த மனுஷன் முட்டாள் இல்ல. "சரி, பிரேக் போட்டது நியாயம். அப்ப என் பொண்ணு ஏன் விழுந்தா? பெல்ட்டு என்ன ஆச்சு? நீ கழட்டினியாம்மா?"

கேள்விக்குறி இல்லைன்னு தலையை ஆட்டுச்சு. "மாட்டவே இல்லப்பா. கிளிப்பு சிக்கிக்கிச்சு. ஆயாம்மா வந்து மாட்டுவாங்கன்னு இருந்தேன்."

என் துள்ளல் எல்லாம் அப்படியே அடங்கிப் போச்சு.

"கிளம்புறதுக்கு முன்னாடி பெல்ட்டைப் பாத்தது யாரு?"ன்னு மேனேஜர் கேட்டார்.

நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி என் மருமக சொல்லிட்டா. "சாவியைத் திருப்பினது நான் சார். வண்டிக்குள்ள எது நடந்தாலும் டிரைவர்தான் பொறுப்பு. தப்பு என்னோடது."

என் பக்கம் ஒரு தடவகூடத் திரும்பல. அவளுக்குத் தெரியும். நேத்து ராத்திரி "சரி அத்தை"ன்னப்பவே தெரியும். தெரிஞ்சும் என்னைக் காட்டிக் கொடுக்காம நிக்கிறா, வண்டி போனாலும் பரவால்லன்னு நிக்கிறா. ஐயோ, நான் என்ன பொம்பளை! ஒரு கல்லு மாதிரித் தலையணைக்காக ஒரு குழந்தையோட வாயைக் கிழிச்சுட்டு, இவ முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டிருக்கேனே! இந்தப் பொண்ணு என் வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் அவகிட்ட ஒரு தடவகூட என் தப்புன்னு சொன்னதில்ல. அன்னிக்குச் சொன்னேன், நாலு பேர் நடுவுல.

"சார், அவ பொய் சொல்றா. பெல்ட்டைப் பாக்க வேண்டியது நான். நான் எந்திரிச்சுப் போகவே இல்ல. வீட்டுக் கோவத்தை வண்டிக்குள்ள கொண்டு வந்தேன். பாக்காமலே பதினாலுன்னு சொன்னேன். என் வார்த்தையை நம்பித்தான் அவ சாவியைத் திருப்பினா. ராத்திரி அவ கேட்டப்பவும் பொய் சொன்னேன்." அப்புறம் டைல்ஸ்காரரைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "திட்டணும்னா என்னைத் திட்டுங்கய்யா. இவளை மட்டும் வண்டியை விட்டு இறக்கிடாதீங்க. இவளை விட நல்லா ஓட்டுற ஆள் உங்களுக்குத் தலைகீழா நின்னாலும் கிடைக்காது."

அவர் திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. பொண்ணு தலையைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தார்.

மேனேஜர் தீர்ப்பு சொன்னார். என் மருமக வண்டியிலயே இருக்கட்டும். நான் வீட்டுக்குப் போகணும். வேற ஆயாம்மாவைப் போட்டுக்கிறோம். நியாயம்தானே? நான் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சேன்.

"சார், எனக்கு இவங்களே வேணும்"ன்னா என் மருமக.

"என்னம்மா பேசுறீங்க? தப்பு பண்ணினதே அவங்கதானே?"

"அதனாலதான் சார். இனிமே இவங்க ஒவ்வொரு பெல்ட்டையும் ரெண்டு தடவ இழுத்துப் பாப்பாங்க. புது ஆளுக்கு இந்தப் பயம் வர்றதுக்கு இன்னொரு குழந்தைக்குப் பல்லு போகணும்."

மேனேஜர் டைல்ஸ்காரரைப் பாத்தார். அவர் பொண்ணு உதட்டை ஒரு தடவ பாத்துட்டு, "பதினஞ்சு நாள் வீட்ல இருக்கட்டும். அப்புறம் வரட்டும்"னு சொன்னார். சம்பளமும் பதினஞ்சு நாளைக்குக் கிடையாது. கொடுத்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

பதினாறாவது நாள் காலையில நான் வேன்ல ஏறினதும் "ஆயாம்மா!"ன்னு ஒரே கூச்சல். கேள்விக்குறி கடைசி வரிசையில இருந்து ஓட்டைப் பல்லைக் காட்டி, "புதுப் பல்லு எப்ப வரும்? அதுவும் ஆடுமா?"ன்னு கேட்டுச்சு. சாயங்காலம் திரும்பும்போது எல்லாம் ஏறி உக்காந்தாச்சு. கண்ணாடியில ரெண்டு கண்ணு.

"பெல்ட்டு?"

நடந்தேன். இழுத்தேன். ஒவ்வொண்ணா, கடைசி வரைக்கும். திரும்பி வரும்போது இன்னொரு தடவ. "பதினாலு!"

சாவி திரும்பல. அவ இறங்கி, கதவு வழியா ஏறி வந்து, கடைசி வரிசைக்குப் போய், கேள்விக்குறியோட பெல்ட்டைத் தானும் ஒரு இழு இழுத்துப் பாத்துட்டு, திரும்பிப் போய் உக்காந்தா. பதினாறு நாளைக்கு முன்னாடி இப்படிப் பண்ணியிருந்தா வீடு ரெண்டுபட்டிருக்கும். மாமியார் சொன்ன கணக்கை மருமக சரி பாக்கிறாளாமே! ஆனா அன்னிக்கு என் நெஞ்சு நிமிர்ந்து போச்சு. என் மேல இருக்கிற பாசத்துக்காக அவ ஒரு பெல்ட்டைக்கூடப் பாக்காம விடமாட்டா. அவதான் டிரைவர். அவதான் என் மருமக.

மேஜை நாற்காலிக் கடைத் தெரு வந்துச்சு. வழக்கம் போல ஊர்ந்துக்கிட்டுப் போனோம்.

"கடை வாசல். ஒரு ஆள், படியில உக்காந்திருக்கார். கையில டீ."

குரல் ஒரு நொடி நின்னுச்சு.

"நீல ஷூ"ன்னா.

எட்டிப் பாத்தேன். இளம் வயசு ஆள், சட்டையெல்லாம் அட்டைத் தூசி. ரெண்டு காலையும் ரோட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு ஒய்யாரமா டீ குடிச்சுக்கிட்டிருந்தான். நாங்க மெதுவா, தள்ளிப் போறதைப் பாத்துட்டு, டீ கிளாஸை ஆட்டிக் கத்தினான்: "என்னக்கா, ஆமையை வாடகைக்கு எடுத்திருக்கீங்களா? வண்டியை எடுங்க, பொழுது போகுது!"

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அடேய், நீ அந்தப் படியில உக்காந்து டீ குடிக்கிறதே யாராலன்னு தெரியுமாடான்னு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. ஜன்னல் வழியா எதையும் கத்தக் கூடாதுங்கிறது அவ சட்டம். முழுங்கிக்கிட்டேன். கண்ணாடியில அவ சிரிக்கிறது தெரிஞ்சுது. அவன் காலையே பாத்துக்கிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் மெதுவா போனா.

"கால் ரெண்டும் ரோட்டுல நீட்டியிருக்கு. இடம் விட்டுப் போறோம்."

வாண்டுங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டேன். வேன் அதிரக் கத்தினேன்.

"பாத்தாச்சு!"